தேரி மணலில் வீட்டுத் தோட்டம்: தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை என்று இந்தப் பக்கம் வீடு கட்டிக் கொல்லையில் நாலு செடி வைக்கிற எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான்: எவ்வளவு ஊற்றினாலும் மண்ணில் ஈரம் நிற்பதில்லை. தேரி என்கிற செம்மணல் மேடாக இருந்தாலும் சரி, கடற்கரை ஓரத்து வெள்ளை மணலாக இருந்தாலும் சரி, அடிப்படை ஒன்றுதான். தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 650 மி.மீ. மழைதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களை எப்படி ஓட்டுவது என்பதைத்தான் கீழே உள்ள கேள்விகள் எல்லாம் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன.

ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் எங்கேதான் போகிறது?

கீழே போகிறது. மணல் தண்ணீரைக் குடிக்கத் தயங்குவதே இல்லை. மணி நேரத்துக்கு 30 மி.மீ.க்கு மேல் உள்ளே இழுக்கும், களிமண் 1 முதல் 5 மி.மீ. வரைதான் இழுக்கும். ஆனால் மணல் துகள் பெரிது, துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் பெரிது, அதில் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, அதனால் வேர் இருக்கும் ஓர் அடி ஆழத்தைத் தாண்டி நேராக இறங்கிவிடும். செடிக்குக் கிடைக்கிற மாதிரி மணலில் தங்குவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு 6 முதல் 8 செ.மீ. தண்ணீர்தான், நல்ல வண்டல் கலந்த மண்ணில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தங்கும். ஆக, நம் பிரச்சினை பெரும்பாலும் மண் தண்ணீரை உறிஞ்சாதது அல்ல, உறிஞ்சியதை வைத்துக்கொள்ளாதது. மேலே ஓர் அடிக்குள் இருக்கும் மண்ணின் குணத்தை மட்டும் மாற்றினால் போதும், முழுத் தோட்டத்தையும் ஐந்தடி ஆழத்துக்குப் புரட்ட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அப்படி இல்லையே, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, தோண்டினால் உள்ளே தூசி பறக்கிறது?

இது வேறு நோய், இதற்கு வைத்தியமும் வேறு. சில மணல் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீரையே தள்ளும். தைலமரமோ சவுக்கோ நின்ற இடத்தில், இலை மக்கும்போதும் பூஞ்சைகள் வளரும்போதும் வருகிற மெழுகு மாதிரியான பொருள் மணல் துகள் மேல் படிந்துவிடும். மணல் துகளின் மொத்தப் பரப்பு களிமண்ணோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அதனால் கொஞ்சம் மெழுகே எல்லாத் துகளையும் போர்த்தப் போதும். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரம் முழுக்க இந்தத் தலைவலிதான், அங்கே தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே இது.

உங்கள் மண் அந்த வகையா என்று பார்ப்பது சுலபம். காய்ந்த மணலை ஒரு தட்டில் சமமாகப் பரப்பி, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 5 விநாடிக்குள் உள்ளே போய்விட்டால் பிரச்சினை இல்லை, அதற்கு மேல் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் அது தண்ணீரைத் தள்ளும் மணல். மேல் மணல், இரண்டு அங்குல ஆழத்து மணல், நாலு அங்குல ஆழத்து மணல் என்று தனித்தனியாகப் பாருங்கள், பல இடங்களில் மேலாக உள்ள சில அங்குலம் மட்டும்தான் இப்படி இருக்கும்.

அப்படி இருந்தால் ஒரே மூச்சில் ஊற்றாமல், பூவாளியில் கொஞ்சம் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, மறுபடி தெளித்து, மண்வெட்டியால் லேசாகக் கிளறி, மறுபடி தெளிக்க வேண்டும். ஒரு தடவை நனைந்துவிட்டால் அப்புறம் அது முழுக்கக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்தால் பழைய குணம் திரும்பும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் களிமண் கலப்பதுதான். ஆஸ்திரேலிய விவசாயிகள் நிலத்தடியில் இருக்கும் களிமண்ணைத் தோண்டியெடுத்து மேல்மணலில் பரப்பிக் கலந்துவிடுகிறார்கள்.

சோப்புத் தண்ணீர் ஊற்றினால் சரியாகுமாமே?

நனைக்கும், உண்மைதான். ஆஸ்திரேலியக் கடைகளில் மண்ணை நனைப்பதற்கென்றே திரவம் விற்கிறார்கள், அதுவும் சோப்பு மாதிரியே தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் பாத்திரம் கழுவும் திரவத்திலும் துணி சோப்பிலும் சோடியம், வாசனைப் பொருள் என்று என்னென்னவோ இருக்கும், அதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். பூந்திக்கொட்டை ஒரு கைப்பிடி எடுத்து இரவு ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டி, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தெளித்துப் பாருங்கள். மீன் இருக்கும் தொட்டி, குளம் பக்கத்தில் இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பூந்திக்கொட்டை நுரை மீனுக்கு ஆகாது.

சொட்டுச் சோதனையில் உங்கள் மணல் தேறிவிட்டால் இந்தக் கேள்வியையே மறந்துவிடலாம்.

எவ்வளவு ஊற்றுவது? எத்தனை நாளுக்கு ஒரு முறை?

ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் ஊற்றினால் அது 1 மி.மீ. மழைக்குச் சமம். மேல் ஓர் அடி மணல் செடிக்காகத் தாங்கிக்கொள்வது 20 முதல் 25 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 20, 25 லிட்டர். அதற்கு மேல் நீங்கள் ஊற்றுவதெல்லாம் கீழே போகிறது, மோட்டார் கரண்டும் சேர்ந்து போகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் செடியும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் 5 முதல் 7 மி.மீ. இழக்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று நாலு நாளில் முழுக்கக் காலி. செடி வாடுகிற வரை காத்திருக்கக் கூடாது, அதனால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை 10, 12 லிட்டர் என்பது சரியான கணக்கு. வாரம் ஒரு தடவை குளம் கட்டுகிற மாதிரி விடுவது கரிசல்காட்டு வழக்கம், இங்கே ஒத்துவராது.

குளத்து வண்டல் போடலாமா?

போடலாமா என்று கேட்பதே தப்பு, முதலில் போட வேண்டியதே அதுதான். கரம்பை என்று நம் ஊரில் சொல்கிற அந்தக் குளத்து மண்ணில் களியும் மென்வண்டலும் மட்கும் இருக்கிறது, மணலில் இல்லாதது எல்லாம் அதில் இருக்கிறது. எரு, நார்க்கழிவு எதைப் போட்டாலும் மக்கிப் போய்விடும், களி மக்காது, போட்டது போட்டபடி வருஷக்கணக்கில் நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தண்ணீர் வேகமாக வடியும் நிலங்களுக்கு ஹெக்டேருக்கு 100 டன் வரை களிமண் இடலாம் என்று சொல்கிறது. டன் கணக்கைக் கேட்டு மலைக்க வேண்டாம், சதுர மீட்டருக்கு 10 கிலோ, ஒரு சென்ட்டுக்கு 400 கிலோ.

மேல் அரை அடி மணல் ஒரு சதுர மீட்டரில் சுமார் 225 கிலோ இருக்கும், அதில் 10 கிலோ என்றால் 4, 5 சதவீதம்தான். காய்கறிப் பாத்தி என்றால் நான் அதைப்போல் இரண்டு மடங்கு போடச் சொல்வேன், இடம் சின்னது, செலவு பெரிதாக ஆகாது. வயலுக்கு அது கட்டுப்படியாகாது, அது வேறு விஷயம்.

கட்டி கட்டியாக அப்படியே கொட்டிக் கொத்திவிட்டால் மணலுக்குள் கல் மாதிரி தனியாகக் கிடக்கும், பயனில்லை. வெயிலில் நன்றாகக் காயவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்தால் தானே உதிரும், உதிர்ந்ததை எருவோடு கலந்து பரப்பி அரை அடி வரை கொத்துங்கள். கடலுக்குப் பக்கத்துக் குளம் என்றால் உப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த மண்ணை ஒரு சட்டியில் நிரப்பிப் பத்துப் பாசிப்பயறு போடுங்கள், ஒழுங்காக முளைத்து இரண்டு இலை விட்டால் தைரியமாக எடுக்கலாம். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் குளங்களில் வண்டல் இலவசமாக எடுக்க அரசு அனுமதி தருகிறது, வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு டிராக்டர் லோடு வேண்டுமென்றால், அனுமதி வாங்கி எடுக்கிற விவசாயியோடு பேசி வாங்குவதுதான் நடைமுறையில் சுலபம். கரிசல் மண்ணும் இதே வேலையைச் செய்யும், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது, லாரி வாடகைதான் யோசிக்க வைக்கும்.

களிமண்ணும் மணலும் சேர்ந்தால் இறுகிப் போகாதா?

களிமண் நிலத்தில் கொஞ்சம் மணல் போடுகிறவர்களுக்குத்தான் அந்த பயம் வர வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு மணலாக இருக்கும் இடத்தில் ஐந்து பங்கு களி சேர்த்தால் ஒன்றும் இறுகாது.

தென்னை நார்க்கழிவு நல்லதா? சிலர் செடி மஞ்சளாகிவிட்டது என்கிறார்களே?

இரண்டும் உண்மை. அது தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், மணலுக்கு அதைவிடத் தோதான பொருள் குறைவு. ஆனால் கயிற்று ஆலையில் இருந்து வருகிற பச்சைக் கழிவில் தழைச்சத்து மிக மிகக் குறைவு, ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமச்சத்து இருக்கும். அதை மண்ணில் போட்டால் நுண்ணுயிர்கள் மக்கவைக்கும் வேலைக்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும், செடி மஞ்சளாகும். போதாததற்கு உப்பும் துவர்ப்பும் வேறு.

மக்கவைத்துப் போடுங்கள். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகத் தூவி, ஈரம் காயாமல் நிழலில் 60 நாள் வைத்தால் கறுத்து உதிரியாகிவிடும், வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது. அந்தப் பொறுமை இல்லையென்றால் கடையில் கட்டியாக விற்கும் கழுவிய நார்க்கழிவை வாங்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, சம அளவு மக்கிய எரு சேர்த்துப் போடலாம். தொட்டிக்கும் நாற்றுக்கும் அது போதும், ஐந்து சென்ட் தோட்டத்துக்கு வாங்கினால் கை கடிக்கும்.

தேங்காய் மட்டையைப் புதைப்பது பலன் தருமா?

மரங்களுக்கு நன்றாகவே பலன் தரும். தென்னை, மா, சப்போட்டா எதுவானாலும் தூரிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மண் போட்டு மூட வேண்டும். குழி மேலே பார்த்தால்தான் கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடிக்கும். இதன் பலன் ஐந்து முதல் ஏழு வருஷம் வரை இருக்கும். மூடாக்காக, அதாவது ஈரம் காயாமல் மண்ணை மூடி வைக்க, மண் மேலேயே போடுவதென்றால் தலைகீழ், குழிந்த பக்கம் தரையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கொசுப் பண்ணைதான். கத்தரி, வெண்டைக்கு இதெல்லாம் தேவையில்லை.

எரு போட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு வருஷத்தில் காணாமல் போகிறதே?

போகத்தான் செய்யும். வெப்பமும் காற்றோட்டமும் அதிகம் என்பதால் மணலில் எரு வேகமாக எரிந்துவிடுகிறது, களி இருந்தால் கொஞ்சத்தைத் தன்னோடு ஒட்டி வைத்துக் காப்பாற்றும். வண்டல் போடாமல் எரு மட்டும் போடுகிறவர்கள் வருஷா வருஷம் ஆரம்பத்தில் இருந்து தொடங்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எந்த எரு என்றால், கிடைக்கிற எரு. மக்கிய மாட்டெரு சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோவுக்குக் குறையாமல், வருஷம் இரண்டு தடவை. ஆட்டுப் புழுக்கை இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், மெதுவாகக் கரையும் என்பதால் மணலுக்கு நல்லது. காலி இடம் பெரிதாக இருந்தால் கிடை ஆடு போடச் சொல்லி ஒரு வாரம் அடைக்கலாம், அதற்கு ஈடான எரு மூட்டையில் வராது. மண்புழு உரம் சத்துக்கு நல்லது, ஆனால் ஈரம் பிடிக்க வேண்டிய அளவுக்கு அதை வாங்கிப் போட நமக்கு வசதி பத்தாது.

இன்னொரு வழி, மண்ணிலேயே வளர்த்து மடக்குவது. மழை தொடங்கியதும் காணம் (கொள்ளு), தட்டைப்பயறு, சணப்பு எதையாவது நெருக்கி விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில் மடக்கிக் கொத்திவிடுங்கள். தண்ணீரே இல்லாத மூலையில் கொழிஞ்சி விதைக்கலாம், ஆடு தொடாது, வறட்சிக்கும் அசராது.

கரி போடச் சொல்கிறார்கள், அது என்ன கணக்கு?

கரி மக்காது, அதன் நுண்துளைகளில் ஈரமும் சத்தும் தங்கும். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள், மூட்டம் பிரித்த இடத்தில் கழிவாக மிஞ்சும் கரித்தூள் விலை மலிவு. சாம்பலைச் சலித்துவிட்டு எடுங்கள், சாம்பல் அதிகமானால் மண்ணில் காரத்தன்மை ஏறும். கரியை அப்படியே போட்டால் முதலில் மண்ணில் இருக்கும் சத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மாட்டுக் கோமியத்திலோ சாணிக் கரைசலிலோ ஒரு வாரம் ஊறப்போட்டு எருவோடு கலந்து போடுங்கள். வண்டல், எருவுக்கு அடுத்துத்தான் இது, முதல் செலவு இதற்கு வேண்டாம்.

மூடாக்கு போட்டால் கரையான் வருகிறது, ஆடிக் காற்றில் பறந்தும் போகிறது. என்ன செய்ய?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு மண்ணை வெறுமனே விட்டால் பாதிப் பலன் போய்விடும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் காற்று மணலையே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிற ஊர் இது, அந்தக் காற்று உங்கள் பாத்தி ஈரத்தை விட்டுவைக்குமா?

இலைச் சருகு நிற்காது. தென்னை ஓலை, பனை ஓலை மாதிரி கனமானதைக் கீழே இருக்கும் சருகின் மேல் குறுக்காகப் போட்டு, மேலே மட்டையையோ கல்லையோ வைத்து அழுத்துங்கள். மூன்று நாலு அங்குலக் கனம் இருக்க வேண்டும். மூடாக்குப் போடும் முன் மண்ணை நனைத்துவிடுங்கள், காய்ந்த மண் மேல் போட்டால் சின்ன மழையெல்லாம் ஓலையோடு நின்றுவிடும்.

கரையான் வரும், வரட்டும். அது பெரும்பாலும் காய்ந்ததைத்தான் தின்கிறது, தின்று மண்ணில் துளையும் போட்டுத் தருகிறது. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுப் போட்டு, இளங்கன்று என்றால் அந்த இடத்தில் இடித்த வேப்பங்கொட்டையோ வேப்பம் புண்ணாக்கோ தூவுங்கள். ஈரம் நிற்கிற மூடாக்கில் தொல்லை குறையும். மேற்கு வேலியில் கிளுவை, உடைமரம், பனை என்று காற்றைத் தடுக்க ஏதாவது நிற்கட்டும், ஓலை வேலிகூடப் பரவாயில்லை.

யூடியூபில் எல்லோரும் மேட்டுப்பாத்தி போடுகிறார்களே?

அவர்களுக்குத் தண்ணீர் வடிய வேண்டும், நமக்கு நிற்க வேண்டும். நமக்குப் பள்ளப்பாத்திதான் சரி: தரையை விட நாலு அங்குலம் தாழ்வாக, சுற்றிலும் வரப்பு. கீரை, நாற்று மாதிரி அழுகக்கூடியதை மட்டும் மழை மாதங்களில் மேட்டில் போடுங்கள்.

பாத்திக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்துவிட்டால்?

வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது ஞாபகம் இருக்கும், வருஷ மழையை விட அதிகம். அடியில் பிளாஸ்டிக் இருந்தால் அந்த மாதிரி நாளில் வேர் அழுகும். சாதாரண வருஷத்திலும் கிணற்று உப்பு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கிவிடும்.

ஹைட்ரோஜெல், ஜிப்சம்?

ஹைட்ரோஜெல் என்பது தண்ணீரை உறிஞ்சி உப்பி வைத்துக்கொள்ளும் குருணை, அது வேலை செய்யும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல் ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ போதும், நல்ல தண்ணீரில் தன் எடையைப்போல் 350 மடங்காவது பிடிக்கும். உப்புத் தண்ணீரில் அந்தச் சக்தி மளமளவென்று குறைந்துவிடும், நம் கிணறுகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். புதிதாக நடும் கன்றுக் குழியில் கொஞ்சம் போடலாம், பாத்தி முழுக்கப் போடுவது வீண்.

ஜிப்சம் சோடியம் ஏறி இறுகிய களர் நிலத்துக்கான மருந்து. மணலை அது ஈரம் பிடிக்க வைக்காது. கடலைக்குப் போடுகிறார்கள் என்றால் அது சுண்ணாம்புச் சத்துக்கும் கந்தகத்துக்கும்.

சொட்டுநீரா, பானையா?

சொட்டுநீர் என்றால், மணலில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது, கோடு போட்ட மாதிரி நேராக இறங்கும் என்பதை மனதில் வையுங்கள். ஓர் அடிக்கு ஒரு சொட்டுவாய் வேண்டும், மரத்துக்குச் சுற்றிலும் நாலைந்து. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுவதை விட, கால் மணி நேரமாகக் காலையும் மாலையும் விடுவது நல்லது.

நாலைந்து கன்று, ஒரு பூசணி, ஒரு பாகல் என்று கொஞ்சமாக இருந்தால் மண்பானை போதும். சுட்ட சாதாரணப் பானையைக் கழுத்து மட்டும் தெரியப் புதைத்து, நிரப்பி, மூடி வையுங்கள், செடியின் வேரே தேடி வந்து பானையைச் சுற்றிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளடைவில் பானையின் துளைகள் அடைத்துக்கொள்ளும், அப்போது பானையை மாற்ற வேண்டியதுதான்.

கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, அதற்கு?

ஒரே ஆறுதல், களிமண்ணை விட மணலில் உப்பைக் கழுவித் தள்ளுவது சுலபம். மழைக்காலத்தில் மூடாக்கை விலக்காமல், வரப்பை உடைக்காமல் பெய்கிற மழை முழுவதையும் பாத்திக்குள் இறங்கவிடுங்கள், வருஷத்து உப்பு கீழே போய்விடும். கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் உப்பு மேலேயே படியும், அதனால் மாதம் ஒரு தடவை மட்டும் வழக்கத்தை விட இரண்டு மடங்கு விட்டுக் கழுவலாம், மேலே சொன்ன கணக்குக்கு இது ஒரு விதிவிலக்கு. கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் நாற்றுக்கும் பானைக்கும் அதை ஒதுக்குங்கள்.

யூரியா போட்டதும் பச்சை பிடிக்கிறது, பத்து நாளில் மறுபடி வெளுக்கிறது?

தண்ணீரோடு அதுவும் கீழே போகிறது. ஒரே தடவை போடுவதை நாலாகப் பிரித்துப் போடுங்கள், அல்லது புண்ணாக்குக் கரைசலுக்கு மாறுங்கள்.

எப்போது ஆரம்பிப்பது?

ஆவணியில் வண்டலும் எருவும் வாங்கிக் காயப்போடுங்கள், புரட்டாசிக்குள் கலந்து கொத்திப் பாத்தியைப் பள்ளமாக எடுத்து வரப்புப் போட்டுவிடுங்கள். முதல் மழைக்குக் காணமோ தட்டைப்பயறோ விதைத்து, கார்த்திகைக் கடைசியில் மடக்கி, மார்கழியில் காய்கறி நட்டு உடனே மூடாக்குப் போட்டால், மாசி, பங்குனியில் காய்க்கிற நேரத்துக்கு மண் ஓரளவு தயாராகி இருக்கும். ஆவணி வரை காத்திருக்க மனமில்லை என்றால் ஒரே ஒரு பாத்தி, பத்துக்கு நாலடி, அதில் மட்டும் எல்லாவற்றையும் செய்யுங்கள். பக்கத்திலேயே அதே அளவு மணலை ஒன்றும் செய்யாமல் விட்டு, இரண்டிலும் ஒரே நாளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மறுநாள் சாயங்காலம் அரை அடி தோண்டி ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். வண்டல் போட்டது பிடியில் ஒட்டாமல் உதிர்ந்தால் இன்னும் ஒரு சுற்று வண்டல் வேண்டும் என்று அர்த்தம்.